அம்மம்மாவின் றங்குப்பெட்டியில் ஒரு கலியாணப் படம்

வாவிக்கரை (கல்லடி), ஞாயிறு இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். இது கொஞ்சம் வீட்டு விசயம். கேட்க வேறு இடம் தெரியவில்லை.

அம்மம்மா போன மாதம் காலமானார். 31ஆம் நாள் முடிந்த கையோடு வீட்டை ஒதுக்கினோம். அவருடைய கட்டிலுக்கு அடியில் ஒரு றங்குப்பெட்டி. அவர் இருக்கும்வரை அதை யாரும் தொட்டதில்லை, சாவி எப்போதும் இடுப்பிலேயே இருக்கும். திறந்தால் ஒரு கூறைச்சேலை, காணி உறுதி, இரண்டு பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் அடியில் தலையணை உறைக்குள் சுற்றிவைத்த ஒரு படம்.

சேர்ச் வாசலில் எடுத்த கலியாணப் படம். மணப்பெண் தரையில் புரளும் வெள்ளைக் கவுனில். மாப்பிள்ளை கோட்டும் சப்பாத்தும். பக்கத்தில் ஒருவர் வயலினை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கிறார். இடது ஓரத்தில் பூச்செண்டோடு பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, அவளும் கவுன்தான். பின்பக்கம் பென்சிலில் 1931 என்று மட்டும் இருக்கிறது.

அந்த ஓரத்துப் பெண்ணின் முகம் அச்சொட்டாக அம்மம்மாவின் முகம். ஆனால் அம்மம்மா பிறந்ததே 1936இல். அப்படியென்றால் அது அவருடைய அம்மா, எங்கள் பூட்டி.

நாங்கள் சைவக் குடும்பம். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்தை ஒரு வருசமும் விட்டதில்லை. அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். ‘ஆரோ தெரியாது’ என்றார். அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். ஆரோ என்றால் எதற்குப் பூட்ட வேண்டும்?

கைபேசியில் எடுத்த மங்கலான படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். மட்டக்களப்பு டச்பார், தாண்டவன்வெளிப் பக்கத்து ஆட்கள் யாரும் பார்த்தால் சொல்லுங்கள்.

மட்டுநகர்_மருமகன், ஞாயிறு இரவு 9.40

தம்பி, நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இங்கே கலியாணம் செய்து இருபது வருசம். புறப்படும்போது எங்கள் சனம் ‘மட்டக்களப்பார் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள், பார்த்துப் போ’ என்றார்கள். ஒட்டித்தான் விட்டேன். மந்திரம் மாயம் ஒன்றும் இல்லை, வீடு மனைவியின் பெயரில் இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் பூட்டன் டச்பாரில் யார் வீட்டுப் பாயில் ஒட்டினாரோ!

அது சரி, டச்பார் என்கிறார்களே, முந்தி ஒல்லாந்தர் அங்கே சாராயக் கடை வைத்திருந்தார்களா? இருபது வருசமாக இந்தச் சந்தேகம்.

பார்வீதி_அன்ரி, ஞாயிறு இரவு 10.25

மருமகனே, அந்தக் கேள்வியை எங்கள் ஆட்களிடம் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் தெரியுமா? ‘பார்’ என்பது வாவி கடலோடு சேரும் இடத்தில் குறுக்கே விழும் மணல்திட்டு. கப்பற்காரர் சொல். சாராயக் கடையைத் தேடி வந்தவர்கள் ஏமாந்துதான் போக வேண்டும்.

வாவிக்கரைத் தம்பி, படம் மங்கல்தான், ஆனாலும் எனக்குச் சந்தேகமே இல்லை. இது பறங்கியர் கலியாணம், போர்த்துக்கேயர் ஒல்லாந்தர் வழிவந்த எங்கள் சனத்தின் கலியாணம். வயலின் இல்லாமல் எங்களுக்குக் கபிரிஞ்ஞா ஆட்டம் இல்லை. மணமக்கள் முதலில் ஆடுவார்கள், பிறகு மற்றச் சோடிகள் சேரும். இப்போது கீபோர்ட் வந்துவிட்டது. இருந்தாலும் வயலினோடு ஒரு கிழவர் எழுந்து நின்றால்தான் கலியாணம் கலியாணம் மாதிரி இருக்கும்.

டச்பாரில் இருப்பதால் எங்களை டச்சுக்காரர் என்று நினைக்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் பேசுவது போர்த்துக்கேயத்தில் இருந்து வந்த பாசை. ஒல்லாந்தர் வந்து கோட்டையைப் பிடித்தார்கள், பாசையைப் பிடிக்க முடியவில்லை. இங்கே தங்கிய அவர்களுடைய பிள்ளைகளே எங்கள் பாசைக்கு மாறினார்கள். நாங்கள் தச்சு, இரும்பு வேலை, தையல், இயந்திரம் திருத்துதல் என்று கைத்தொழில் சனம். என் பிள்ளைகளுக்குப் பாசை விளங்கும், பதில் மட்டும் தமிழில் வரும். பேரப்பிள்ளைகளுக்கு விளங்கவே விளங்காது. சில வருசங்களுக்கு முன் லிஸ்பனில் இருந்து ஆய்வாளர்கள் வந்து முதியவர்களின் பேச்சையும் பாட்டையும் பதிந்துகொண்டு போனார்கள். என் மாமா அந்த நாள்களில் வேட்டியை விட்டுக் காற்சட்டை போட்டுக்கொண்டுதான் உட்காருவார்.

இப்போது என் பங்குக்கு ஒன்று கேட்கிறேன். எங்கள் வீட்டில் 2004க்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லை. நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஆட்கள் போனார்கள், வீடு போனது, அல்பம் எல்லாம் போனது. பிறகு எங்களில் பலர் டச்பாருக்குத் திரும்பவே இல்லை. 1931இல் எங்கள் மாதா கோயில் வாசலில் எடுத்த படம் ஒரு சைவ வீட்டுப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள். நான் பத்து மணிக்குப் படுக்கிற ஆள். இன்றைக்கு நித்திரை வருமோ தெரியாது.

அம்மாவைக் கோபிக்காமல், அந்தப் படத்தை ஒரு நல்ல கடையில் கொடுத்துத் தெளிவாகப் பிரதி எடுக்க முடியுமா?

படுவான்கரைப்_போடி, திங்கள் காலை 5.50

மனே, விடிய வயலுக்குப் போகமுன் எழுதுகிறேன். ஒன்று கேட்பேன், குறை நினையாதே. உங்களுடைய குடி என்ன?

வாவிக்கரை, திங்கள் காலை 7.15

ஐயா, அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. சின்ன வயதில் கேட்டபோது ‘படிக்கிற பிள்ளைக்குக் குடி என்னத்துக்கு’ என்று ஏசினார். கோயிலில் யாராவது கேட்டால் அப்பாவின் குடியைச் சொல்லச் சொல்வார்.

படுவான்கரைப்_போடி, திங்கள் மாலை 6.30

நினைத்தேன். வெளியூர் ஆட்களும் வாசிப்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, பணிக்கனா குடி என்று எங்கள் பக்கம் பல குடி, அதாவது வம்சப் பிரிவு, உண்டு. குடி தாய்வழியில்தான் வரும். தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. கோயிலில் வண்ணக்கராக, நிர்வாகியாக வருவதற்கும் திருவிழா உபயத்துக்கும் அதுதான் கணக்கு, தகப்பன் குடி அங்கே எடுபடாது. ஒரே குடிக்குள் கலியாணம் செய்யவும் ஏலாது.

உன் அம்மாவின் தாயின் தாய் பறங்கிப் பெண் என்றால், அந்தச் சங்கிலியில் முதல் கொழுக்கியே இல்லை. அம்மம்மாவுக்குக் குடி இல்லை, அம்மாவுக்கு இல்லை, உனக்கும் இல்லை. சாதி சமயத்தை ஊர் ஒரு தலைமுறையில் மறந்துவிடும். குடியை மறக்காது. பெட்டியின் பூட்டு எதற்கென்று இப்போது விளங்குகிறதா?

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். மூத்த மகன் வெளியில் இருந்து ஒரு பிள்ளையைக் கூட்டிவந்துவிட்டான். மாமனார் அடுத்த நாளே ‘இது என் தங்கச்சி முறையான ஒருத்தியின் மகள்’ என்று சொல்லித் தன் குடியில் சேர்த்துக்கொண்டார். கவனி, மாமியார் குடியில் சேர்க்கவில்லை. சேர்த்தால் மாப்பிள்ளைக்குத் தங்கச்சி ஆகிவிடும், முறை கெட்டுவிடும். மாமனார் குடி என்றால் முறைப்பெண். மனுசன் ஒரே இரவில் யோசித்த கணக்கு அது! ஊருக்கு உண்மை தெரியும். ஊர் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் பெற்ற பிள்ளைகள் இன்று குடியும் கோயிலுமாக நன்றாக இருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து முக்குவர் சனத்தின் வழக்குச் சட்டத்தை 1876இல் வெள்ளைக்காரன் ஒரு கட்டளைச் சட்டம் போட்டு முடித்துவைத்தான். முதுசொம், அதாவது பரம்பரைச் சொத்து, தாய்வழியில் மருமக்களுக்குப் போவது நின்றது. ஆனால் வீடு? இன்றைக்கும் மகளுக்குத்தான். மருமகனே, நீர் ஒட்டின பாய் அந்தப் பாய்தான்.

திருக்கோவிலான், திங்கள் இரவு 8.05

எல்லாரும் கவுனுக்கும் வயலினுக்கும் உருகுவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வருகிறது. எங்கள் ஊர் சித்திர வேலாயுதர் கோயிலைப் போர்த்துக்கீசன் இடித்தான் என்றுதான் நாங்கள் தொட்டிலில் இருந்தே கேட்டு வளர்ந்தோம். கொக்கட்டிச்சோலையில் கல் நந்தி பறங்கித் தளபதிக்கு முன்னால் எழும்பிப் புல் தின்று சாணம் போட்டது என்கிறீர்கள். இடிக்க வந்தவனுக்குப் பயந்த சனம்தானே அந்தக் கதையைச் சொல்லியிருக்கும்? இப்போது அதே பறங்கி என்ற சொல்லை வைத்துக்கொண்டு கபிரிஞ்ஞா ஆடுகிறோம்.

இன்னொன்று. ஆடல் பாடல் எல்லாம் மேலே மிதக்கிற எண்ணெய். அடியில் காணி கிடக்கிறது. 1840இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த முடிக்குரிய காணிச் சட்டம் என்ன சொன்னது? காடும் தரிசும், எப்போதாவது வெட்டிச் செய்யும் சேனைக் காணியும், உரிமையைக் காட்டாவிட்டால் முடிக்குச் சொந்தம். பாட்டன் பூட்டன் சேனை வெட்டிய நிலத்துக்குப் பேப்பர் எங்கே இருக்கும்? இன்றைக்கும் எங்கள் பக்கம் பாதிச்சனம் பெர்மிற் காணியில் இருந்துகொண்டு கந்தோர் கந்தோராக அலைகிறது. அதை யாரும் நினைவு கூருவதில்லை, அதற்கு வயலின் கிடையாது.

பார்வீதி_அன்ரி, திங்கள் இரவு 8.31

மகன், கோயிலை இடித்தவர்கள் எங்கள் முப்பாட்டன்மார் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பாவத்துக்கு நாங்கள் மேசை கதிரை செய்தே கழித்துவிட்டோம். உங்கள் ஊர்க் கோயில் வாகனத்துக்கு மரவேலை செய்தவர்களில் எங்கள் ஆட்களும் இருந்திருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.

காணி விசயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. எங்களுக்கும் கடற்கரைக் காணி போனது.

காரைதீவு_மாஸ்டர், செவ்வாய் பகல் 1.10

இடைவேளையில் எழுதுகிறேன். வாவிக்கரைத் தம்பி, உங்கள் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். சாவி போர்த்துக்கேயச் சொல். அலுமாரி போர்த்துக்கேயம். சப்பாத்து போர்த்துக்கேயம். அம்மா படத்தை வைத்துப் பூட்டிய இடமும் பூட்டிய சாமானும் அவர்கள் தந்த பெயரோடுதான் இருக்கின்றன. திருக்கோவிலான் தம்பி அலைகிற கந்தோர் ஒல்லாந்தருடையது. அன்ரி சொன்ன மேசையும் கதிரையும் போர்த்துக்கேயம். கோயிலை இடித்த ஆத்திரத்தில்கூட நாங்கள் கதிரையில் இருந்துதான் பேசுகிறோம்.

திருக்கோவிலான் சொன்னதில் பாதிக்கு நான் உடன்பாடு. பிள்ளைகளைப் புளியந்தீவுக் கோட்டைக்குக் கூட்டிப் போகிறோம். வாசலுக்கு மேலே ஒல்லாந்தக் கும்பனியின் முத்திரை. 1628இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1638 மே மாதம் ஒல்லாந்தர் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். மூன்று வருசத்தையும் பிள்ளைகள் பாடமாக்கிவிடுவார்கள். போனதடவை ஒரு பிள்ளை கேட்டாள்: ‘சேர், அப்ப எங்கட ஆக்கள் எங்க இருந்தவை?’ என்னிடம் பாடப்புத்தக விடை இல்லை. கோட்டைக்குள் அரிசி போனது யார் வயலில் இருந்து, கல் சுமந்தது யார் என்று ஒரு பலகையும் சொல்லவில்லை.

எங்கள் தலைமுறைக்குக் கோட்டை என்றால் கச்சேரி, அரசாங்கக் கந்தோர். பீரங்கியைப் பார்த்த ஞாபகத்தைவிட, அப்பாவோடு வெயிலில் வரிசையில் நின்ற ஞாபகம்தான் எனக்கு இருக்கிறது. நானூறு வருசச் சுவருக்குள் பிறப்புப் பதிவுக்காக நின்ற சனம் நாங்கள்.

மறுகா, பள்ளிக்கூடக் கதை வேறு. 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் புளியந்தீவில் வந்து இறங்கினார். ஒரு வருசம்கூட முழுதாக இருக்கவில்லை, 1815இல் இங்கேயே இறந்துபோனார். அவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. எங்கள் ஊரில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் அந்தப் பள்ளியிலும் புனித மைக்கேலிலும் படித்தவர். அதே கல்வியை வைத்துக்கொண்டு 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்தா வித்தியாலயத்தைத் தொடங்கினார், பிறகு யாழ் நூல் எழுதினார். அடிகளின் சமாதி சிவானந்தா வளவில், ஓல்டின் சிலை நகரத்தில். நடுவில் ஒரு பாலம். இரண்டு பக்கத்துப் பழைய மாணவர்களும் வருசத்தில் ஒருநாள் கிரிக்கெட் மைதானத்தில் கூச்சல் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். நினைவு நாள்களுக்கு இல்லாத கூட்டம் அங்கே வரும்.

மணி அடித்துவிட்டது.

நாவலடி_வள்ளம், செவ்வாய் மாலை 5.45

அந்தப் பாலத்தைச் சொன்னதால் ஒரு சின்னக் கதை. லேடி மனிங் பாலம், 1924. ஆளுநரின் மனைவி பெயர். புதுப்பாலம் 2013இல் திறந்தபிறகு பழையதில் ஆட்கள் நடக்கிறார்கள், தூண்டில் போடுகிறார்கள். பௌர்ணமி இரவில் பாலத்தடியில் மீன் பாடும் என்று வெளியூர்க்காரர் வந்து காது வைத்துக் கேட்பார்கள். மனிங் சீமாட்டி யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

கடலுக்குள் இன்னொரு வெள்ளைக்காரன் கிடக்கிறான். ஹேர்மிஸ், விமானந்தாங்கிக் கப்பல். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தது. 307 பேர் போய்விட்டார்கள். எங்கள் தாத்தா கரையில் நின்று புகையைப் பார்த்ததாகச் சொல்வார். ஐம்பது மீற்றருக்கும் ஆழத்தில் சரிந்து கிடக்கிறது. சுழியோடிகள் வெளிநாட்டில் இருந்து வருவார்கள், நாங்கள் படகு ஓட்டுவோம். எங்களுக்கு அது முதலில் கப்பல் இல்லை, வலை கிழியும் இடம். மறுகா, பெரிய மீன் நிற்கும் இடம். கரையில் தெரியும் பனையையும் கோபுரத்தையும் வைத்து இடம் பிடிப்பது எப்படி என்று தாத்தா அப்பாவுக்குச் சொன்னார், அப்பா எனக்குச் சொன்னார். சுனாமிக்குப் பிறகு அந்தப் பனை இல்லை. இப்போது ஜிபிஎஸ்.

ஒருதரம் வயதான வெள்ளைக்காரப் பெண் ஒருவர் வந்தார். சுழியோட இல்லை, மேலே படகில் இருந்து பூப்போட. அவருடைய தகப்பன் கீழே. காசு வாங்க மனம் வரவில்லை. வாங்கினேன், டீசல் விலை அப்படி. ஆனால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவர் எழும்பும்வரை இருந்தோம்.

தலைப்பை விட்டு விலகிவிட்டேன், மன்னியுங்கள்.

ஏறாவூர்_காக்கா, செவ்வாய் இரவு 9.20

விலகவில்லை தம்பி, இருங்கள், நானும் வருகிறேன்.

போடியார் பணிக்கனா குடி என்று எழுதியதைக் கண்டதும் எனக்குக் கை துருதுருத்தது. எங்கள் முஸ்லிம்களிலும் பணிக்கனா குடி இருக்கிறது, நானே அந்தக் குடி. சும்மா பெயர் ஒற்றுமை இல்லை. எங்களுக்கும் குடி தாய்வழிதான், குடிக்கு ஒரு மரைக்கார் என்று பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு வருவார். வீடு மகளுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு. கிழக்குக்கு வெளியே உள்ள முஸ்லிம்களுக்கு இதைச் சொன்னால் வியப்பாகப் பார்ப்பார்கள்.

ஏன் இப்படி? போர்த்துக்கேயர் மேற்குக் கரையில் முஸ்லிம்களைத் துரத்தினார்கள். கண்டி அரசன் செனரத் 1626இல் நாலாயிரம் பேரளவில் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயரே எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பும் இங்கே எங்கள் ஆட்கள் இருந்தார்கள், அது வேறு. திமிலர் என்ற இன்னொரு சனத்தோடு நடந்த சண்டையில் முக்குவருக்குப் பட்டாணிய முஸ்லிம்கள் துணை நின்றார்கள், அதற்குப் பரிசாகப் பெண்ணும் குடியும் கிடைத்தது என்பது எங்கள் பெரியவர்கள் சொல்லும் கதை. எழுத்து ஒன்று சொல்லும், வாய் ஒன்று சொல்லும். இரண்டிலும் ஒன்று பொது: வந்தவன் ஆண், இருந்தவள் பெண். பிள்ளை தாயின் குடி.

அப்படியென்றால் வாவிக்கரைத் தம்பியின் கதை எங்கள் கதையின் மறுபக்கம். அங்கே வெளியில் இருந்து வந்தது பெண் என்பதால் குடி அறுந்தது. எங்களில் வந்தது ஆண் என்பதால் குடி ஒட்டியது. அதே போர்த்துக்கீசன் ஒருத்தரைத் துரத்தினான், ஒருத்தரை விட்டுவிட்டுப் போனான்.

எங்கள் வாப்பா காலத்தில் படுவான்கரையில் இருந்து நெல் கொண்டுவரும் தமிழ் ஆட்கள் வீட்டுக்குள் வந்து ‘மச்சான்’ என்றுதான் கூப்பிடுவார்கள். குடி சொன்னால் முறை தெரியும், முறை தெரிந்தால் பகிடி விடலாம். 1990 வன்செயலுக்குப் பிறகு இரண்டு பக்கமும் அந்தப் பேச்சை விட்டுவிட்டது. என் மகன்மாருக்குத் தங்கள் குடி தெரியும், அதே குடி வாவிக்கு அங்காலும் இருக்கிறது என்பது தெரியாது. சொல்லிக் கொடுக்காதது என் பிழை.

படுவான்கரைப்_போடி, புதன் காலை 5.40

மச்சான், நான் பணிக்கனா குடி இல்லை. என் மனைவி அந்தக் குடி. கணக்குப் பார், எனக்கு நீ யார் என்று.

ஏறாவூர்_காக்கா, புதன் காலை 6.15

சரிதான், மச்சானேதான்! இனிப் பகிடி விடலாம்.

திருக்கோவிலான், புதன் காலை 8.50

காக்கா எழுதியது எனக்கும் புதிது. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என் 1840ஐ ஒருவரும் தொடவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

காரைதீவு_மாஸ்டர், புதன் பகல் 1.05

தொடுகிறேன் தம்பி. அந்தச் சட்டத்தின் பலனை வெள்ளைக்காரன் மட்டும் அனுபவிக்கவில்லை. முடிக்காணியை அரசிடம் விலைக்கு வாங்கக் கையில் காசு இருந்த நம்மவர்களும் பெரிய காணிக்காரர் ஆனார்கள். வாங்க முடியாதவன் அவர்கள் வயலில் வேலை செய்யும் முல்லைக்காரனாக நின்றான். ஆகவே அதை நினைவுகூர ஏன் ஆள் இல்லை என்றால், நினைவு விழாவுக்குக் காசு தருகிறவர்கள் யார் என்று யோசியுங்கள். போடியார் கோபிக்கக் கூடாது.

படுவான்கரைப்_போடி, புதன் இரவு 7.30

கோபம் இல்லை. போடி என்றால் பெரிய வயற்காரன். என் பெயரில்தான் போடி, மூன்று ஏக்கர்தான் காணி. மற்றதெல்லாம் சீதனமாகப் போய்விட்டது.

வாவிக்கரை, வியாழன் இரவு 10.02

எல்லாவற்றையும் வாசித்தேன். நேற்று அம்மாவிடம் குடிக் கதையைச் சொன்னேன், போடியார் ஐயா சொன்ன அந்த மாமனார் கதையை. அம்மா ஒன்றும் சொல்லாமல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பிறகு, ‘உங்கட பூட்டிக்கு மாமனார் இல்ல, அப்படிச் சொல்லிச் சேக்க ஆள் இருக்கல்ல’ என்றார். அவ்வளவுதான். ஆனால் ‘ஆரோ தெரியாது’ போய்விட்டது.

அரைகுறையாகக் கிடைத்தது இதுதான். பூட்டன் ரயில்வேயில் வேலை செய்தவர். எங்கள் ஊருக்கு ரயில் வந்ததே 1928இல், அதோடு வந்த வேலை. பூட்டி அவரோடு வந்த நாளில் இருந்து டச்பார்ப் பக்கம் போகவே இல்லையாம், கல்லடிப் பாலத்தடியில் இருந்து நடந்து போகிற தூரம்தான். பெயரையும் மாற்றிக்கொண்டார். பழைய பெயர் அம்மாவுக்குத் தெரியாது.

இன்னொன்று ஞாபகம் வந்தது, அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமோ தெரியாது. அம்மம்மா வருசத்தில் ஒருதரம், மார்கழியில் திருவெம்பாவை தொடங்கும் கையோடு ஒரு ரவைப் பலகாரம் செய்வார். கஜுவைக் குத்திப் போட்டு, நீற்றுப்பூசணிப் பாகு, பன்னீர், ஏலம், கறுவா எல்லாம் சேர்த்து மண்சட்டியில், மேலேயும் கீழேயும் தணல் வைத்து வேகவைப்பது. நாங்கள் ‘திருவெம்பாவைக் கேக்’ என்போம். ஆனால் சாமிக்கு அதை வைக்கமாட்டார், முட்டை போட்டது என்பார். திருவெம்பாவைக்குச் செய்கிற பலகாரத்தில் எதற்கு முட்டை என்று ஒருநாளும் எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பார்வீதி_அன்ரி, வியாழன் இரவு 10.09

ஐயோ தம்பி! அது லவ் கேக். நத்தார்க் கேக். எங்கள் வீடுகளில் அது இல்லாமல் நத்தார் இல்லை.

முட்டையில் மஞ்சட்கரு மட்டுமா போடுவார்? எத்தனை சுண்டு ரவை? அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.

மறுகா, ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து எட்டரைக்கு நாங்கள் வீட்டில்தான் இருப்போம். மாமாவும் வருவார். எண்பத்தெட்டு வயது, கண் மங்கல், ஆனால் அவருடைய அப்பா கலியாணங்களுக்கு வயலின் வாசித்தவர். படத்தைக் கொண்டு வாருங்கள். அம்மாவையும்.

மட்டுநகர்_மருமகன், வியாழன் இரவு 10.30

நானும் வரலாமா? பாய் வேண்டாம், கதிரை போதும்.

வாவிக்கரை, ஞாயிறு இரவு 8.47

போய் வந்தோம். அம்மா முதலில் வரமாட்டேன் என்றார். காலையில் நான் புறப்படும்போது பார்த்தால் சேலை உடுத்திக்கொண்டு, படத்தை அதே தலையணை உறைக்குள் வைத்து மடியில் பிடித்தபடி ஓட்டோவில் இருக்கிறார்.

மாமா படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். மணமக்களைப் பற்றி உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. வயலின்காரரைக் கண்டதும் சத்தம் போட்டார். அவருடைய அப்பாதான் அது, வயலினின் உடைந்த மூலைக்குத் தகடு அடித்திருப்பதை வைத்துப் பிடித்துவிட்டார். சுனாமியில் அல்பம் போனபிறகு தகப்பனின் முகத்தை இப்போதுதான் பார்க்கிறார். வேறு படம் இல்லை.

ஓரத்துப் பெண்ணைப் பற்றிக் கேட்டோம். மணப்பெண்ணுக்கு ஒரு தங்கச்சி இருந்ததாகவும், அவளைப் பற்றிப் பேசக் கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்திருந்ததாகவும் கேள்விப்பட்டிருக்கிறார். பெயர் அவருக்கும் தெரியாது. அங்கேயும் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் பார்க்கலாம் என்று அன்ரி சொன்னார். அம்மா, ‘பாக்கலாம், அவசரம் இல்ல’ என்றார்.

படத்தை அம்மா அவர்களிடமே கொடுத்துவிட்டார். நான் எதிர்பார்க்கவில்லை. ‘பிரதி எங்களுக்கு, இது அவருக்கு’ என்றார். வரும்போது வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை.

அன்ரி கேட்ட கணக்கு: ரவை இரண்டு சுண்டு, மஞ்சட்கரு பன்னிரண்டு, வெள்ளைக்கரு நாலு மட்டும் அடித்துக் கடைசியில். அம்மா சொல்லச் சொல்ல அன்ரி தன் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்கருவில் மட்டும் ஒன்று வித்தியாசம். யார் சரி என்று இன்னும் முடிவாகவில்லை, அடுத்த மார்கழியில் இரண்டையும் செய்து பார்ப்பதாகப் பேச்சு.